மண்டையைத் திறக்கச் சொன்ன ஆண்டாயி

"வயித்தக் கிழிக்கத் தெரியுதுல்ல, மண்டையையும் தொறந்து பாருடா! தொறக்காம தச்சுக் குடுத்தீன்னா பொணம் ஒனக்குத்தான். நீயே வச்சுக்க!"

டவுன் ஆசுபத்திரியின் பின்பக்கம், சவக்கிடங்கு வாசலில் நின்று ஆண்டாயி இப்படிக் கத்தியபோது உள்ளே மேசைமேல் கிடந்தவர் அவள் புருசன் அய்யம்பெருமாள். அந்தக் கத்தலை வாங்கிக்கொண்டவன் பூமாலை. இருபது வருசமாக அங்கே பிணம் அறுக்கிறவன். எத்தனையோ அழுகையைக் கேட்டவன்தான், ஆனால் இப்படி ஒரு கோரிக்கையைக் கேட்டதில்லை.

"ஏக்கா, ஒனக்குக் கிறுக்கா? வர்ற சனம் பூரா மண்டையில மட்டும் கை வைக்காத சாமின்னு கால்ல வுழுவுது. மூஞ்சி கெட்டுப் போயிடும்க்கா."

"மூஞ்சிய யாரு பாக்கப் போறா? தூக்கவே ஒரு நாதி வரல. நீ தொற."

"குடிச்சுட்டு வாய்க்கால்ல வுழுந்தாருன்னு போலீசுல எழுதியிருக்கு. வயித்தப் பாத்தா போதாதா?"

"குடிச்சிருக்கிறது நீ. ஒன் வாயிலேர்ந்து இங்க வரைக்கும் நாறுது. அவரு குடிக்கல. அதத்தான் எழுதச் சொல்றேன்."

சத்தம் கேட்டு டாக்டர் சின்னதுரை கையுறையோடு வெளியே வந்தார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருசம்கூட ஆகாத இளவயசுக்காரர். ஆண்டாயி அவர் பக்கம் திரும்பினாள். குரலைக் குறைக்கவில்லை.

"சார், அஞ்சு வருசமா இந்த மனுசனுக்குத் தலைக்குள்ள என்னமோ ஆயிப்போச்சு. கட்டுன பொண்டாட்டிய யாருன்னு கேட்டாரு. கேட்டா எல்லாரும் குடின்னு சொல்றானுங்க. வயித்துல சாராயம் இருக்கான்னு பாருங்க. இல்லன்னா இல்லன்னு எழுதுங்க. அப்பறம் தலைய தொறந்து, உள்ள என்னா இருக்குன்னு எழுதுங்க. அதுக்கப்பறம் எங்க தெருவுல எவன் பேசறான்னு நான் பாத்துக்கறேன்."

டாக்டர் அவளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். "தொறந்து பாக்கறதுதாம்மா முறை. சொந்தக்காரங்கதான் வேணாம்னு கெஞ்சுவாங்க. நீங்க இப்படி உக்காருங்க."

அவள் உட்காரவில்லை.

1983 சித்திரை மாசத்து வெயில் அது. அதில் அப்படி நின்று கத்துகிற அளவுக்கு அவளுக்கு என்ன ஆத்திரம் என்று தெரிய வேண்டுமானால், ஒன்பது மாசம் பின்னால் போக வேண்டும். அதற்கும் முன்னால் கொஞ்சம் போக வேண்டும்.

ஆண்டாயி பிறந்தது ஆண்டிமடம் பக்கம். முந்திரிக் கொட்டை பொறுக்கியும் உடைத்தும் ஏழு வயசிலேயே விரலெல்லாம் கறுத்துப் போனவள். பதினாலு வயசில் விக்கிரமங்கலத்துக்கு இரண்டு மைல் தள்ளியிருந்த ஒரு தெருவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை அய்யம்பெருமாள் அப்போது பெரிய பண்ணையில் ஆள். ஒன்பது வயசில் அவர் கையில் விளக்குமாற்றைக் கொடுத்திருந்தார்கள். கோழி கூவுவதற்குள் களம் முழுவதையும் கூட்டி முடிக்க வேண்டும். ஒரு மூலை விட்டுப்போனால் அதே விளக்குமாற்றால் அடி விழும். கல்யாணமான மறுநாளும் இருட்டோடு எழுந்து களத்துக்குத்தான் போனார்.

இரண்டு வருசம் பொறுத்துப் பார்த்த ஆண்டாயி, ஒரு நாள் விடிந்ததும் பண்ணை வீட்டு வாசலுக்கே போய் நின்றாள். இடுப்பில் கைக்குழந்தை செங்கமலம்.

"நாளையிலேர்ந்து எம்புருசன் ஒங்க களத்துக்கு வர மாட்டாரு. கிணறு வெட்டப் போறாரு" என்றாள்.

அய்யம்பெருமாளுக்கே அப்போதுதான் சேதி தெரியும். பண்ணை வீட்டார் சும்மா விட்டுவிடவில்லை. ஆறு மாசம் அந்த ஊரில் யாரும் அவர்களுக்கு வேலை கொடுக்கவில்லை. ஆண்டாயி பட்டினி கிடந்தாள். ஆனால் அந்தக் களத்தில் அதற்குப் பிறகு அவர் கால் படவில்லை. அரியலூர் தொடங்கி ஜெயங்கொண்டம் வரை அறுபதுக்கு மேல் கிணறு வெட்டினார். தெருவில் மரியாதை வந்தது. ஆடி மாசத்து மாரியம்மன் கரகம் அவர் தலைக்கு வந்தது. கரகம் தூக்க ஆரம்பித்த வருசமே சாராயத்தை நிறுத்தினார். இருபத்தாறு வருசம் தூக்கினார்.

கோளாறு வந்தது மெதுவாகத்தான். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "சோறு போடலையா?" என்று கேட்பார். வேட்டி கட்டுகிற நேரத்தில் சட்டையை இடுப்பில் சுற்றுவார். விக்கிரமங்கலம் கடைக்குப் போனவரை யாராவது வேறு ஊரிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள். முதல் இரண்டு வருசம் ஆண்டாயி இதையெல்லாம் வேஷம் என்றுதான் நினைத்தாள். வேலைக்குப் போகச் சோம்பல்பட்டு நடிக்கிறார் என்று திட்டினாள். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது கூரையில் சொருக நெருப்புக் கொள்ளியை எடுத்துப் போனார் ஒரு நாள். அன்றைக்கு அவரை அடித்தாள். கையால் இல்லை, விளக்குமாற்றால். அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை.

ஒரு சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்தபோது வாசலில் நின்று வழிமறித்தார்.

"யாரும்மா நீ? இது எங்க வூடு. ஆண்டாயின்னு ஒருத்தி இருக்கா. அவ வந்தா கெட்ட கெட்ட வார்த்தையா திட்டுவா. வந்துடறதுக்குள்ள போயிடும்மா."

அப்போதுதான் அவளுக்கு இது நடிப்பில்லை என்று உறைத்தது. அந்தக் கிழவருக்கு அவளையே எதிரில் வைத்துக்கொண்டு அவளைப் பற்றிப் பயம்.

மகள் செங்கமலம் பெரம்பலூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அங்கே பேய் ஓட்டுகிற ஒரு கோடாங்கியிடம் அய்யம்பெருமாளைக் கூட்டிப் போனார்கள். அவர் வெட்டிய கிணற்றில் விழுந்து செத்த பெண் ஒருத்தி பிடித்திருப்பதாகக் கோடாங்கி சொன்னான். தூணில் கட்டி வைத்து வேப்பங்குழையால் அடித்தான். அய்யம்பெருமாள் அழுதார். எதற்கு அடிக்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. மூன்றாவது அடியில் ஆண்டாயி குழையைப் பிடுங்கிக் கோடாங்கியையே நாலு வைத்தாள். "எந்தப் பொண்ணுடா செத்தா? எந்தக் கெணத்துல? பேரச் சொல்லு!" என்று கேட்டாள். அவனுக்குப் பேர் தெரியவில்லை. காணிக்கையாகக் கொடுத்திருந்த கோழியைத் திருப்பி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

பெரம்பலூரில் ஒரு டாக்டர் சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். வயசானால் இப்படித்தான் என்றார். அய்யம்பெருமாளுக்கு அப்போது அறுபதுகூட முழுசாக ஆகவில்லை.

வீட்டுக்குள் இவ்வளவு நடந்தாலும், தெருவில் நடக்கும்போது மனிதர் பழைய நடைதான் நடந்தார். சிரித்தார், தலையாட்டினார். அதனால் 1982 ஆடியிலும் கரகம் அவர் தலையிலேயே ஏறியது. "இந்த வருசம் வேணாம்டா, அவருக்குப் புத்தி சரியில்ல" என்று ஆண்டாயி தெரு நாட்டாண்மை மாயவனிடம் போய்ச் சொன்னாள். மாயவன் அய்யம்பெருமாளுக்குச் சித்தப்பா மகன். "அண்ணன் தூக்கலன்னா ஆத்தா வரமாட்டா அண்ணி. இருவத்தாறு வருசம் நடந்த காலு, தானா போவும்" என்றான்.

கால் தானாகத்தான் போனது.

அந்தத் தெருவில் காப்புக் கட்டினால் பத்து நாளைக்குச் சாராயம் தொடக்கூடாது. கரகக்காரருக்கு இன்னும் கட்டு அதிகம். எச்சில் பறக்கக்கூடாது, பேச்சுக் கூடாது என்று குளக்கரையிலேயே பூசாரி மஞ்சள் துணியால் அவர் வாயைக் கட்டிவிடுவார். கோயிலில் கரகம் இறங்கின பிறகுதான் அவிழ்ப்பார். அன்றும் கட்டினார். பறை முழங்க, குலவை போட, அய்யம்பெருமாள் கரகத்தோடு நடந்தார். கோயிலுக்குத் திரும்ப வேண்டிய புளியமரத்தில் திரும்பவில்லை. நேராகப் போனார். ஆத்தா எங்கேயோ கூட்டிப் போகிறாள் என்று சனம் பின்னாலேயே ஓடியது. அவர் போய் நின்ற இடம் பெரிய பண்ணையின் களம். முப்பத்தைந்து வருசம் கால் வைக்காத களம். கரகத்தைத் தலையிலிருந்து இறக்கி ஓரமாக வைத்தார். சுவரில் சாய்த்திருந்த விளக்குமாற்றை எடுத்தார். குனிந்து, ஒரு மூலையிலிருந்து கூட்ட ஆரம்பித்தார்.

மாயவன்தான் முதலில் கத்தினான். "குடிச்சிருக்கான்! காப்போட குடிச்சிருக்கான்!"

அவ்வளவுதான். கூட்டத்துக்கு வேறு பேச்சே இல்லை. தள்ளினார்கள், அடித்தார்கள். ஆண்டாயி ஓடி வந்து அவர்மேல் கவிழ்ந்து விழுந்து வாங்கியது பாதி அடி. அன்றைக்கே தெரு கூடியது. காப்பை மீறிக் குடித்து, ஆத்தாளைக் கீழே வைத்த வீடு. இனி அந்த வீட்டோடு நெருப்பு இல்லை, தண்ணீர் இல்லை. நல்லது கெட்டதற்கு யாரும் போகக்கூடாது. செத்தால் தெரு தூக்காது.

ஒன்பது மாசம் கழித்துச் செத்தார். விடியற்காலம் வாய்க்கால் பக்கம் போனவர், முழங்காலுக்குக்கூட வராத தண்ணீரில் குப்புறக் கிடந்தார். "குடிச்சுட்டு வுழுந்துட்டான்" என்று தெரு அதே வார்த்தையை மறுபடியும் சொன்னது. போலீசும் அதையே எழுதிக்கொண்டது.

இதுதான் அவள் சவக்கிடங்கு வாசலில் கத்தியதற்குக் காரணம். பணம் காசு எதுவும் அவளுக்கு வரப்போவதில்லை. அந்த ஒரு வார்த்தையைத் துடைத்தாக வேண்டும்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் சின்னதுரை வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது.

"வயித்துல வெறும் கூழுதாம்மா இருக்கு. சாராய வாடையே இல்ல. நுரையீரலுக்குள்ள தண்ணியும் போகல. தலைக்குள்ள ஒரு ரத்தக்குழாய் வெடிச்சு முட்டையளவு ரத்தம் கட்டியிருக்கு. விழுறதுக்கு முன்னாடியே உசுரு போற நெலமைதான். ஆனா அது மட்டும் இல்ல. மூளையே சுருங்கிப் போயிருக்கு. இந்த வயசுக்கு இப்படிச் சுருங்கக்கூடாது."

பின்னால் வந்த பூமாலை கையைத் துடைத்தபடி சொன்னான். "நெசந்தான்க்கா. எத்தினியோ தலைய தொறந்திருக்கேன். கையில எடுத்தா கனமே இல்லாத ஒண்ண இன்னிக்குத்தான் பாக்கறேன். மடிப்புக்கு மடிப்பு வெரல் நொழையுது."

"அப்ப அத எழுதுங்க சார்."

"எழுதறேன். ஆனா எதனால சுருங்குச்சு, குழாய் எதனால வெடிச்சதுன்னு நான் சொல்லணும்னா, அதை மருந்துல ஊற வச்சு, சீவி, பூதக்கண்ணாடியில பாக்கணும். அந்த வசதி தஞ்சாவூர்லதான் இருக்கு. இங்கேர்ந்து யாரும் மூளையை அனுப்பச் சொல்லிக் கேட்டதில்லம்மா. அதுக்குத் தோதா மூடி போட்ட ஜாடிகூட இல்ல."

"ஜாடி இருந்தா?"

"இருந்தா பாதி மூளையை எடுத்து வைப்பேன். ரெண்டு வாரம் ஊறணும். அப்பறம் யாராவது தஞ்சாவூர் கொண்டு போகணும்."

ஆண்டாயி சுருக்குப் பையை அவிழ்த்தபடியே கடைத்தெருவுக்கு நடந்தாள். பெட்டிக்கடைகளில் மிட்டாய் போட்டு வைப்பார்களே, வாய் அகன்ற கண்ணாடி ஜாடி, தகர மூடி போட்டது, அதில் இருப்பதிலேயே பெரியதைக் காட்டிக் கேட்டாள்.

"கடை வைக்கப் போறியாம்மா?" என்றான் கடைக்காரன்.

"ஆமா."

"என்னா யாவாரம்?"

"தெரிஞ்சா வாங்க மாட்ட. வெலையச் சொல்லு."

ஒரு கட்டுக் கீரைக்குக் கால்மணி நேரம் பேரம் பேசுகிறவள், சொன்ன விலையை அப்படியே எண்ணி வைத்தது ஆயுசில் அன்று ஒருநாள்தான்.

ஜாடியில் பாதி, உடம்பில் பாதி. பூமாலை தைத்து முடித்துத் துணி சுற்றிக் கொடுத்தான். "பாதி மூளையோடத்தான் பொதைக்கணும்க்கா" என்றான் தயங்கியபடி. "கடைசியா அவருக்கு இருந்ததே அவ்ளோதான், வுடு" என்றாள்.

பெரம்பலூரிலிருந்து மருமகன் கல்லேற்றும் லாரியோடு வந்தான். தெருவுக்குள் லாரி நுழைந்தபோது கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. பறை இல்லை, சங்கு இல்லை. மருமகன் ஒருவன், லாரிக்காரர்கள் இரண்டு பேர். நாலாவது தோள் இல்லாமல் தடுமாறியபோது, வேலை முடிந்து பின்னாலேயே பஸ் ஏறி வந்திருந்த பூமாலை தோள் கொடுத்தான். சவக்கிடங்கு வாசலில் நாறிய வாடை அப்போது அவன் வாயில் இல்லை.

பதினாறாம் நாள் கழிந்த மறுநாள் ஆண்டாயி ஜாடியை வாங்கிக்கொண்டாள். டாக்டர் கடிதம் ஒன்று கொடுத்தார். கூட வர அவருக்கு நேரமில்லை, வேறு யாரையும் அனுப்பவும் முடியவில்லை. துண்டால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, திருமானூர் வழியாகத் தஞ்சாவூர் போகிற பஸ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் குலுங்குகிற போதெல்லாம் மருந்து வாடை மூக்கில் ஏறியது.

கண்டக்டர் வந்தான். "என்னம்மா மடியில, ஊறுகாயா? வாடை தூக்குதே."

"எம்புருசன்."

கண்டக்டர் சிரித்தான். முன்சீட்டுக்காரர்களும் சிரித்தார்கள். "அப்ப ரெண்டு டிக்கெட்டா போடணுமே!"

"பாதி ஆளுதான் இருக்கு. அரை டிக்கெட் போடு" என்றாள்.

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். கொள்ளிடம் பாலத்தின்மேல் பஸ் போகும்போது ஆண்டாயி ஜாடி மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் அவரைத் திட்டினாள். என்னமோ செய்யுது ஆண்டாயின்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா மனுசா? ஊமையாட்டம் நின்னு என்கிட்டயும் அடி வாங்கினியே. கண்ணில் வந்த தண்ணீரையும் திட்டினாள்.

தஞ்சாவூரில் அவளை ஏழெட்டு அறைக்கு அலைக்கழித்தார்கள். ஒவ்வொரு அறையிலும் கத்தினாள். கடைசியில் நரைத்த தலையோடு ஒரு டாக்டரம்மா கடிதத்தைப் படித்தார். ஜாடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நாற்காலி போடச் சொன்னார். ஒரு மாசம் கழித்து வரச் சொன்னார். முப்பதாம் நாள் ஆண்டாயி போய் நின்றாள்.

டாக்டரம்மா அவளைப் பூதக்கண்ணாடிக் கருவிக்கு முன்னால் உட்கார வைத்து ஒரு கண்ணை மூடச் சொன்னார். உள்ளே சிவப்புச் சிவப்பாக வட்டங்கள் தெரிந்தன.

"வளையல் மாதிரி இருக்கும்மா."

"அதுதான் ரத்தக்குழாய். குறுக்கால வெட்டினா வட்டமாத் தெரியும். நல்ல குழாய்க்குச் சுவர் மெல்லிசா, மெதுவா இருக்கும். ரத்தம் வந்தா விரியும், போனா சுருங்கும். உங்க வீட்டுக்காரருக்குப் பாருங்க, சுவர் எவ்வளவு தடிமன்! கஞ்சி போட்ட வேட்டி மாதிரி ஏதோ ஒண்ணு படிஞ்சு படிஞ்சு விறைச்சுப் போயிருக்கு. கஞ்சி ஏறின துணியை மடிச்சா முறியும்ல, அந்த மாதிரிதான் ஒரு குழாய் முறிஞ்சு ரத்தம் கொட்டியிருக்கு."

"கஞ்சிக்கே வழியில்லாம கெடந்த ஆளு தலைக்குள்ள கஞ்சியா?" என்றாள் ஆண்டாயி.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. இன்னொரு கண்ணாடித் தகட்டை வைத்தார். "இது ரொம்பப் பொடிக் குழாய். தலைமுடியைவிட மெல்லிசு. பாதி நூலா இத்துப்போய் வெறும் தடம்தான் இருக்கு. இதுல ரத்தம் ஓடி ரொம்ப நாளாச்சு. ரத்தம் ஓடாத எடத்துல மூளை எப்படி வேலை செய்யும்? சுத்தியிருக்கற மூளையிலயும் கறை கறையா அதே கஞ்சிதான்."

"எதனாலம்மா?"

"தெரியல. இந்த நோய்க்கு அல்சைமர்னு பேரு வச்சிருக்கோம், அவ்வளவுதான். குழாய் கெட்டதால மூளை கெட்டுச்சா, மூளை கெட்டதால குழாய் கெட்டுச்சான்னு நாங்களே இன்னும் சண்டை போட்டுக்கிட்டு இருக்கோம்."

"இத்தினி படிச்சும் தெரியலையா?"

"தெரியலம்மா."

"அடிச்சா வருமா?" என்று கேட்டாள் ஆண்டாயி. அவள் குரல் அன்றைக்கு அந்த ஒரு கேள்விக்குத்தான் இறங்கியது. "வெளக்குமாத்தால ரெண்டு மூணு தடவ அடிச்சிருக்கேன்."

"அதனால வராது."

"சாராயத்தால?"

"இந்த நோய் குடிக்காதவங்களுக்கும் வருது. இவரு அன்னிக்குக் குடிக்கலன்னு அந்த டாக்டர் எழுதியிருக்காரே."

"கரகத்த எறக்கி வச்சுட்டு, சின்ன வயசுல கூட்டுன களத்தக் கூட்டுனாரும்மா. அது ஏன்?"

டாக்டரம்மா கருவியின் விளக்கை அணைத்தார். "புதுசா படிஞ்ச நினைப்பு மொதல்ல போயிடும். சின்ன வயசுல படிஞ்சது கடைசி வரைக்கும் ஒட்டிக்கிட்டு இருக்கும்."

"எல்லாத்தையும் எழுதிக் குடுங்க. தமிழ்ல எழுதுங்க. எங்க தெருவுல இங்கிலீசு படிக்க ஆள் இல்ல. சீல் குத்திக் குடுங்க."

டாக்டரம்மா தன் கைப்பட எழுதினார். சீல் குத்தினார்.

அந்த வருசம் ஆடிக் காப்புக்கு நாள் குறிக்கத் தெரு கூடியது. கோயில் வாசலில் அத்தனை ஆண்களும் உட்கார்ந்திருக்க, ஆண்டாயி மகள் செங்கமலத்தைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

மாயவன் எழுந்தான். "அண்ணி, நீங்க இங்க வரக்கூடாது."

"வந்துட்டேன். என்னா செய்வ? புருசனையும் தூக்கிக் குடுத்தாச்சு, இன்னும் என்னாத்த ஒதுக்குவ?"

"என்னா காயிதம் அது?"

"குடிக்கலன்னு சொல்ற காயிதம். செங்கமலம், படி."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மாயவனும் உதட்டைச் சுழித்தான். "டாக்டருக்கு எவ்ளோ காசு அழுது இத வாங்குனீங்க அண்ணி?"

"அத அப்பறம் சொல்றேன். மொதல்ல கேளு."

எட்டாவது வரை படித்த செங்கமலம் எழுத்துக் கூட்டிப் படித்தாள். வயிற்றில் சாராயம் இல்லை. மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர்கள் தடித்து விறைத்திருக்கின்றன. நுண்ணிய குழாய்கள் அழிந்திருக்கின்றன. குழாய் வெடித்ததால் மரணம். ஞாபகமும் புத்தியும் பல வருடங்களாகத் தேய்ந்து வந்திருக்க வேண்டும். படித்து முடித்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். ஆண்டாயி அழவில்லை.

"சாவு கணக்கு வேற, கரகத்தன்னிக்குக் கணக்கு வேற" என்றான் ஒருவன். "அன்னிக்குக் குடிச்சிருந்தாருல்ல?"

"அன்னிக்கு அவரு வாய மோந்து பாத்தது யாரு?" ஆண்டாயி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். "எந்திரிங்கடா. எவன் மோந்தான்? வாயில மஞ்சத்துணி கட்டியிருந்துச்சு. அத நான்தான் வூட்டுல வந்து அவுத்தேன். ஒரு பொட்டு ஈரம் இல்ல. துணிக்கு மேல மோந்தீங்களா? இல்ல அதுக்கு முன்ன மோந்தீங்களா?"

யாரும் எழவில்லை. பூசாரி மட்டும் தொண்டையைச் செருமினார். "கொளத்தங்கரையில கட்டுனது நான்தான். வாடை ஏதும் இல்ல."

"இதச் சொல்ல ஒனக்கு ஒரு வருசமாச்சா?"

"யாரும் கேக்கலையே ஆண்டாயி."

"த்தூ" என்றாள். பிறகு மாயவனை நோக்கி நடந்தாள். அவன் முகத்துக்கு நேரே நின்றாள். "மொதல்ல கத்துனது நீ. எத வச்சுக் கத்துன?"

மாயவன் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தான். பேசியபோது குரல் நாட்டாண்மைக் குரலாக இல்லை.

"பண்ணை வூட்டு ஆளுங்க பாத்துக்கிட்டு நின்னாங்க அண்ணி. சிரிச்சாங்க. 'பாருடா, சாமியவே எறக்கி வச்சுட்டு வேலைக்கு வந்துட்டான், பழைய விசுவாசம்'னு சொன்னாங்க. எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. குடிச்சுட்டு செஞ்சான்னா தெருவுக்குக் கொஞ்சம் மானம் மிஞ்சும்னு தோணுச்சு. கத்திட்டேன்."

"ஒன் மானத்துக்கு எம்புருசன்தான் கெடச்சாரா?" ஆண்டாயியின் கத்தலில் கோயில் புறா பறந்தது. "அவருக்கு ஒன்ன மறந்துச்சு. என்ன மறந்துச்சு. பெத்த பொண்ண மறந்துச்சு. மிச்சம் இருந்தது ஒம்போது வயசுல கையில குடுத்த வெளக்குமாறு. குடுத்தது யாரு? சிரிச்சான் பாரு, அவன் அப்பன். அவனப் பாத்துக் கத்த ஒனக்குத் துப்பில்ல. வாயக் கட்டி நின்ன மனுசன் மேல பாஞ்ச. அவர அந்தக் களத்துலேர்ந்து நான் ஒரு தடவ இழுத்துக்கிட்டு வந்தேன்டா, வயித்துல ஈரத்துணியக் கட்டிக்கிட்டு. நீங்க இத்தினி பேர் இருந்து ரெண்டாந்தடவ இழுக்கத் தெரியல. அடிச்சீங்க."

ஆண்டாயி இடுகாட்டுப் பக்கம் கையை நீட்டினாள்.

"அவர நாலு பேர் தூக்குனாங்க, அதுல ஒருத்தன் பொணம் அறுக்கிறவன். இப்ப எந்திரிச்சு வாங்க. பறைய எடுங்க. ஆளுக்கு மூணு கை மண்ணப் போட்டுட்டு, குடிக்கலன்னு வாயால சொல்லிட்டு வாங்க. அப்பறம் காப்புக் கட்டுங்க. இல்லன்னா நான் இங்கயே உக்காந்திருக்கேன், எவன் கரகம் தூக்கறான்னு பாக்கறேன்."

மாயவன்தான் முதலில் நடந்தான். பறையை அவனே தோளில் மாட்டிக்கொண்டான். இடுகாட்டு மேட்டில் புல் முளைத்திருந்த இடத்தைச் சுற்றி நின்று தெருவே மண் போட்டது. "அண்ணன் குடிக்கல" என்று மாயவன் சத்தமாகச் சொன்னான். ஆண்டாயி, "கேக்கல" என்றாள். மறுபடி சொன்னான். மூன்றாவது தடவைதான் அவளுக்குக் கேட்டது.

திரும்பி வரும்போது அவன் பக்கத்தில் நடந்தாள். மன்னித்துவிட்டதாக அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

"டாக்டருக்கு எவ்ளோ அழுதேன்னு கேட்டியே."

"வுடுங்க அண்ணி."

"ஏன் வுடணும்? கேட்டல்ல, தெரிஞ்சுக்க. டாக்டருங்க ரெண்டு பேரும் கைநீட்டிப் பைசா வாங்கல. மிட்டாய் ஜாடி ஒண்ணுதான் நான் காசு குடுத்து வாங்குனது. மூடியோட எட்டே முக்கா ரூவா."